ஒட்டுப் பாட்டும் பெயர்ச் சீட்டும்

ஒரு பாட்டோடு இன்னொரு பாட்டை ஒட்டுவது என்றால் நம்மில் மூத்தோர் முகம் சுளிப்பர்; இளையோர் முகம் மலர்வர். ஒரு பாடகியின் குரலை மட்டும் ஓர் இசைத்தட்டிலிருந்து பிரித்தெடுத்து, அதனை வேறொருவருடைய வாத்திய இசையின்மேல் ஏற்றி, இரண்டும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் பிறந்தவை போல ஒலிக்கச் செய்வதற்கு மேனாட்டார் 'மேஷ்-அப்' என்று பெயரிட்டுள்ளனர். இருக்கும் பாட்டையே எடுத்துத் தாளம் மாற்றி, வேகம் மாற்றி, நடனத்துக்கு ஏற்றபடி புதுக்குவது 'ரீமிக்ஸ்'. உரியவரின் இசைவு பெறாமல் இவற்றைச் செய்தால் அதற்குப் 'பூட்லெக்' என்று பெயர். முழங்கால்வரை நீண்ட தோற்காலணிக்குள் சாராயப் புட்டியை ஒளித்துக் கடத்திய அமெரிக்க வழக்கிலிருந்து வந்த சொல் அது. நம் ஊர் வழக்கில் சொல்வதானால், கள்ளச் சாராயம் போலக் கள்ளப் பாட்டு.

இக் கள்ளப் பாட்டுகள் வளர்ந்த களங்கள் இரண்டு. ஒன்று நடனக் கூடம், மற்றொன்று வானொலி. இலண்டன், நியூயார்க் முதலிய நகரங்களின் நடன இசை நிகழ்ச்சிகளில், கடையில் கிடைக்காத ஒட்டுப் பாட்டு ஒன்று முதல்முதலாக ஒலிக்கும். மறுநாள் இளைஞர் கூட்டம் தட்டு விற்கும் கடைதோறும் ஏறி இறங்கும். கடைக்காரர் கை விரிப்பார். ஏனெனில் அத் தட்டின் நடுவே ஒட்டும் வட்டக் காகிதத்தில் ஒன்றும் அச்சாகி இராது. 'வெள்ளை லேபிள்' என்றே அதற்குப் பெயர். பாடியவர் யார், இசையமைத்தவர் யார், ஒட்டியவர் யார் என்ற விவரம் ஏதுமின்றி வெறும் வெள்ளையாக இருக்கும். இம்மாதம் நாம் பேசப் புகுவது அந்த வெள்ளைக் காகிதத்தைப் பற்றியே.

முதலில் தொழிலின் நுட்பத்தைச் சிறிது காண்போம். இரண்டு பாட்டுகளை ஒட்டுவது எளிதென்று எண்ணுவோர் பலர். நடனப் பாட்டுகளின் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கிடுவர். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 118 தட்டு, மற்றொன்று 120 தட்டு என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஓடவிட்டால் சில விநாடிகளில் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். ஆகவே முதல் தட்டின் வேகத்தை நூற்றுக்கு 1.7 பங்கு கூட்டுதல் வேண்டும். இதற்கென்றே டெக்னிக்ஸ் நிறுவனத்தாரின் தட்டுச் சுழற்றியில் நூற்றுக்கு 8 பங்குவரை வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளுகோல் இருந்தது. ஆனால் சுழலும் தட்டின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். வேகம் ஏறக்குறைய 6 பங்கு கூடினால், சுருதி ஒரு சுரத்தானம் முழுவதும் ஏறிவிடும். எனவே தாளமும் சுருதியும் ஒருங்கே இசையும் இரு பாட்டுகளைத் தேடிப் பிடிப்பதற்கு நல்ல செவியும், நிறைந்த நினைவும், ஆயிரக்கணக்கான தட்டுகளின் பழக்கமும் வேண்டியிருந்தன. நடனத் தட்டுகள் சிலவற்றின் மறுபக்கத்தில் குரலை மட்டும் தனியே பதித்து வெளியிடும் வழக்கம் இருந்தமையால், ஒட்டுவோருக்குக் குரல் தனியாகக் கிடைத்தது. 1990-களின் இறுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் வந்த கணிப்பொறி மென்பொருள்கள் சுருதியை மாற்றாமலே வேகத்தை மாற்ற வழி செய்தன. பெர்லின் நகரத்தார் 2001-இல் வெளியிட்ட 'ஏபிள்டன் லைவ்' அவற்றுள் புகழ்பெற்றது. அதன்பின் படுக்கையறையில் அமர்ந்திருக்கும் இளைஞனும் ஒட்டுத் தொழிலில் இறங்கலாயினன்.

இத் தொழில் கணிப்பொறியோடு பிறந்ததன்று. 1956-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் புக்கானன், குட்மன் என்ற இருவர் 'பறக்கும் தட்டு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு தட்டு வெளியிட்டனர். வேற்றுக்கிரகத்தார் வந்திறங்கியதாக வானொலிச் செய்தியாளர் ஒருவர் பரபரப்பாகக் கேள்வி கேட்பார். விடையாக அக்காலத்துப் புகழ்பெற்ற பாட்டுகளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு ஒலிக்கும். நாடு சிரித்தது, பாட்டின் உரிமையாளர் சிரிக்கவில்லை, வழக்குத் தொடுத்தனர். 1983-இல் நியூயார்க் நகரின் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று, தன் பாட்டைப் புதுக்கித் தருமாறு ஒரு போட்டி வைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிந்த ஒருவரும் விளம்பரத் துறையில் பணிபுரிந்த ஒருவரும் கூடி, 'டபுள் டீ - ஸ்டைன்ஸ்கி' என்ற புனைபெயரில், பற்பல தட்டுகளின் துண்டுகளைக் கோத்து ஒரு பாடம் போலவே அமைத்து அனுப்பினர். பரிசும் பெற்றனர். வானொலியில் அது ஒலித்தது, கேட்டவர் வியந்தனர். ஆயினும் அத் துண்டுகளுக்கு உரியவர்களின் இசைவு இல்லாமையால், அதனைக் கடையில் வைத்து விற்க முடியவில்லை. காற்றில் உலவலாம், கையில் வாங்க இயலாது என்ற இவ் விந்தை நிலைதான் அன்று முதல் ஒட்டுப் பாட்டின் தலைவிதியாயிற்று.

2001-ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் இவ்வலை உச்சத்தை எட்டியது. கிறிஸ்டினா அகிலேரா என்னும் இளம் பாடகியின் இனிப்பான குரலை, 'தி ஸ்ட்ரோக்ஸ்' என்னும் நியூயார்க் குழுவினரின் முரட்டு கித்தார் இசைமேல் ஏற்றினார் ராய் கெர் என்பவர். 'ஃப்ரீலான்ஸ் ஹெல்ரெய்சர்' என்பது அவருடைய புனைபெயர். எண்ணெயும் தண்ணீரும் என்று எல்லோரும் கருதிய இரண்டும் பாலும் பழமும்போல் கலந்தன. அந்நாளில் எக்ஸ்எஃப்எம் என்ற இலண்டன் வானொலி நிலையத்தில் எட்டி டெம்பிள்-மாரிஸ் நடத்திய 'தி ரீமிக்ஸ்' போன்ற நிகழ்ச்சிகள் இத்தகைய பாட்டுகளுக்குத் தாய்வீடாக விளங்கின. அந் நிலையம் 2015-இல் 'ரேடியோ எக்ஸ்' என்று பெயர் மாறியது. வெள்ளைத் தட்டுகளோடு ஒளிந்து திரிந்த ராய் கெர் பின்னாளில் பால் மெக்கார்ட்னியின் அழைப்பைப் பெற்று, அவருடைய பாட்டுகளையே புதுக்கினார். அது 2005-இல் தட்டாக வெளிவந்தது. திருடன் என்று ஒரு வாசலில் விரட்டப்பட்டவர் மறு வாசலில் விருந்தினராக வரவேற்கப்பட்டமைக்கு இஃது ஒரு சான்று.

இனி வழக்குக்கு வருவோம். இஃது என்ன, கலையா, களவா?

களவென்பார் கூறுவது இது: ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போல, பிறர் உழைத்து ஆக்கிய குரலையும் இசையையும் எடுத்துக்கொண்டு தன் கைவண்ணம் காட்டுவது என்ன பெருமை? கலையென்பார் விடை இது: சொற்களைப் படைத்தவன் எவனோ, அவற்றைக் கோத்தவன்தானே கவிஞன்? இரண்டு பாட்டுகள் அருகருகே நின்றதனால் பிறக்கும் மூன்றாவது சுவை ஒட்டியவனுடையது அன்றோ?

இவ்வழக்கு உலகறிய வெடித்தது 2004-இல். பிரையன் பர்ட்டன் என்பவர், 'டேஞ்சர் மவுஸ்' என்ற புனைபெயரில், ஜே-ஸீ என்ற அமெரிக்கப் பாடகரின் 'கறுப்பு' ஆல்பத்தின் குரலையும், பீட்டில்ஸ் குழுவினர் 1968-இல் வெளியிட்ட, 'வெள்ளை' என்று வழங்கும் ஆல்பத்தின் இசையையும் கலந்தார். கறுப்பும் வெள்ளையும் கலந்தமையால் 'சாம்பல்' என்று பெயரிட்டார். ஜே-ஸீ தரப்பினர் குரலை மட்டும் தனித் தட்டாக வெளியிட்டிருந்தனர். பிறர் எடுத்தாள்வதை அவர் வெறுக்கவில்லை. பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையைப் பெற்றிருந்த இ.எம்.ஐ. நிறுவனமோ வழக்கறிஞர் மூலம் தடைக் கடிதம் அனுப்பியது. அதனைக் கண்டித்து, 2004 பிப்ரவரி 24-ஆம் நாள், ஏறக்குறைய 170 இணையத் தளங்கள் அந்த ஆல்பத்தை எல்லோரும் பெறும்படி திறந்து வைத்தன. தடை செய்தமையாலேயே உலகம் முழுதும் பரவியது.

வழக்கறிஞர் வாதமும் இளைஞர் ஆரவாரமும் ஒருபுறம் இருக்கட்டும். இவ்விரு சாராரும் அதிகம் பேசாத ஒருவர் உண்டு. பாடிய பெண்மணியே அவர். அவர் கதையைச் சொல்லாமல் இவ்வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லுவது முறையாகாது.

சிகாகோ நகரத்துப் பாடகி லொலீட்டா ஹாலவே. தேவாலயப் பாடலில் பயின்ற வன்மையான குரல் அவருடையது. 1980-இல் டான் ஹார்ட்மன் எழுதி இயக்கிய 'லவ் சென்சேஷன்' என்ற நடனப் பாட்டைப் பாடினார். உயிரைக் கொடுத்துப் பாடுதல் என்பார்களே, அப்படிப் பாடினார். ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1989-இல் இத்தாலி நாட்டு இசையமைப்பாளர் மூவர், 'பிளாக் பாக்ஸ்' என்ற பெயரில், அக்குரலை வெட்டியெடுத்துத் தம் பியானோ இசைமேல் வைத்து 'ரைட் ஆன் டைம்' என்ற தட்டை வெளியிட்டனர். இங்கிலாந்தில் ஆறு வாரம் முதலிடம். அவ்வாண்டில் அந்நாட்டில் மிகுதியாக விற்ற ஒற்றைப் பாட்டு அதுவே. தொலைக்காட்சியில் அப்பாட்டுக்குத் தோன்றி வாயசைத்தவர் கத்ரீன் கினோல் என்னும் அழகிய இளம்பெண். கண்டவர் அவரையே பாடகி என்று எண்ணினர். ஹாலவேயின் பெயர் தட்டில் இல்லை.

அன்பர்களே, ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நாடெங்கும் வானொலியில் நம் குரல் ஒலிக்கிறது. கடைதோறும் நம் குரல் விற்கிறது. திரையில் வேறொருவர் வாய் அசைகிறது. நம் பெயரைச் சொல்வார் ஒருவருமில்லை. இதனினும் வறுமை ஒன்று உண்டோ? ஹாலவே சட்டத்தின் துணையை நாடினார். பின்னர் உடன்பாடு ஏற்பட்டது. வேறொரு பாடகியைக் கொண்டு மீண்டும் பாடுவித்த பதிவும் வெளிவந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. முடிந்திருந்தால் நாம் வெறும் ஒப்பாரி பாடியவர்களாவோம். இரண்டே ஆண்டுகளில், 1991-இல், அதே 'லவ் சென்சேஷன்' பாட்டிலிருந்து அதே ஹாலவேயின் குரலை எடுத்து, மார்க்கி மார்க் என்ற இளைஞர் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டார். இம்முறை தட்டின்மேல் லொலீட்டா ஹாலவேயின் பெயர் அச்சாயிற்று. படத்திலும் அவரே தோன்றிப் பாடினார். அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்தை அடைந்தது. ஒரே பாட்டு, ஒரே குரல், வெட்டியெடுத்து ஒட்டிய அதே தொழில். ஒன்று அவருக்கு இழப்பாயிற்று. மற்றொன்று அவருக்குப் பெருமையாயிற்று. இடையே நின்ற வேறுபாடு தட்டின்மேல் அச்சான இரண்டு சொற்கள். ஹாலவே 2011-இல் காலமானார்.

ஒட்டினால் பாடியவருக்கு நன்மையே விளையாது என்பாருக்கு இன்னொரு கதையும் உண்டு. அலபாமா மாநிலத்தில் பிறந்த கேண்டி ஸ்டேட்டன் என்ற பாடகி, உடல் மிகப் பருத்த ஒருவர் எடை குறைக்க முயன்றதைப் பற்றிய படம் ஒன்றுக்காக 1986-இல் 'யூ காட் த லவ்' என்ற பாட்டைப் பாடிக்கொடுத்தார். அதனை உலகம் கவனிக்கவில்லை. பின்னர் நடனக் கூடத்துத் தட்டு சுழற்றுவோர் ஒருவர் அவருடைய குரலை மட்டும் எடுத்து, சிகாகோவின் ஃப்ராங்கி நக்கிள்ஸ் பெயரோடு வழங்கும் 'யுவர் லவ்' என்ற இசையின்மேல் ஏற்றினார். கள்ளத் தட்டாகப் பிறந்த அந்த ஒட்டு, 1991-இல் முறையாக வெளியாயிற்று. ஒட்டி வெளியிட்டவர் பெயர் 'தி சோர்ஸ்' என்றும், பாடியவர் பெயர் கேண்டி ஸ்டேட்டன் என்றும் தட்டின்மேல் தெளிவாக நின்றன. இங்கிலாந்தில் 4-ஆம் இடம். 1997-இல் மீண்டும் வெளியானபோது 3-ஆம் இடம். மறக்கப்பட்ட பாட்டுக்கு ஒட்டு மறுபிறவி கொடுத்தது. பெயர் இருந்தமையால் அப்பிறவியின் பயன் பாடியவரையும் அடைந்தது.

அங்ஙனமாயின் பெயரை ஏன் மறைக்கின்றனர்? எல்லோரும் வஞ்சகரா? அல்லர். மறைப்பதற்கு அச்சமே பெருங்காரணம். பெயரைச் சொன்னால் உரிமையாளருக்குத் தெரியும். தெரிந்தால் தடைக் கடிதம் வரும். இசைவு கேட்கலாமெனில் அதற்குப் பணமும் காலமும் வேண்டும். பெல்ஜியம் நாட்டு கெண்ட் நகரத்துச் சகோதரர் இருவர், டேவிட், ஸ்டீஃபன் டெவாலே என்போர், '2 மெனி டீஜேஸ்' என்ற பெயரில் வானொலிக்காக ஒட்டுப் பாட்டுகள் செய்து வந்தனர். 2002-இல் அவற்றை முறையான தட்டாக வெளியிட விரும்பினர். 187 பாட்டுகளுக்கு இசைவு கேட்டனர். 114-க்கு இசைவு கிடைத்தது. 62-க்கு மறுப்பு வந்தது. 11-க்கு உரியவர் யாரென்றே கண்டுபிடிக்க இயலவில்லை. சரக்கு அலுவலகத்தில் ரசீதுகளோடு போராடும் நமக்கு இக்கணக்கு நெஞ்சைத் தொடுகிறது. ஒரே ஒரு தட்டுக்காக 187 விண்ணப்பம்! இவ்வளவு உழைப்பும் செலவும் எல்லோராலும் இயலாது. இயலாதவர் வெள்ளைக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு ஒளிகின்றனர். ஒட்டியவர் ஒளியும்போது பாடியவரும் கூடவே ஒளிக்கப்படுகிறார். இதனைச் சட்டத்தை வகுப்போரும் எண்ணிப் பார்த்தல் நலம். கதவை இறுக அடைத்தால் களவு குறையும் என்பது அரைப் பங்கு உண்மையே. பெயரும் உள்ளேயே அடைபட்டுப் போவது மற்றப் பாதி.

வாயில் திறந்தால் பெயர் வெளிவரும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2001-இல் ரிச்சர்ட் எக்ஸ் என்பவர், அடினா ஹவர்டின் 'ஃப்ரீக் லைக் மீ' என்ற பாட்டின் குரலை, கேரி நியூமனின் குழுவினர் 1979-இல் வெளியிட்ட மின்னிசையோடு ஒட்டிக் கள்ளத் தட்டாகப் பரப்பினார். அக்குரலைப் பயன்படுத்த இசைவு கிட்டவில்லை. ஆகவே 2002-இல் 'சுகபேப்ஸ்' என்ற பெண்கள் குழுவினர் அதனைப் புதிதாகப் பாடினர். இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாட்டின் ஆசிரியர் வரிசையில் நியூமன் பெயரும் இடம்பெற்றது. கள்ளச் சரக்காகப் புறப்பட்டது, தக்க ரசீதோடு ஊர் சேர்ந்தது.

வானொலிக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு என்பது நம் துணிபு. கடையில் வாங்கிய தட்டில் அச்செழுத்து உண்டு. வானொலியில் கேட்போனுக்கு அறிவிப்பாளர் வாய் ஒன்றே அச்சகம். மேலும் வானொலி நிலையங்கள் பாட்டுரிமைச் சங்கங்களுக்கு ஒட்டுமொத்தக் கட்டணம் செலுத்துகின்றன. எந்தப் பாட்டு ஒலித்தது என்ற பட்டியலைக் கொண்டு அப்பணம் உரியவர்க்குப் பங்கிடப்படுகிறது. பட்டியலில் பெயரில்லாப் பாட்டுக்கு உரியவர் பங்கு எவ்வழியே சென்று சேரும்? சரக்கு அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காண்பது இதுவே. மூட்டை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன்மேல் அனுப்பியவர் பெயரும் பெறுபவர் பெயரும் அழிந்து போயினவாயின், அது மூலையில் கிடந்து ஏலத்துக்குப் போகும். கேடு மூட்டையிலன்று, சீட்டு இல்லாமையில் இருக்கிறது.

வானொலியே பெயரை மீட்டுக் கொடுத்த நற்செயலும் நம் நாட்டு வரலாற்றில் உண்டு. 1949-இல் வெளியான 'மஹல்' என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு, தட்டாக வந்தபோது, பாடியவர் பெயராக அச்சாகியிருந்தது 'காமினி'. அது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பின்னணி பாடுவோர் பெயரைத் தட்டில் இடாத காலம் அது. பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலியைக் கேட்டவண்ணம் இருந்தனர். விசாரித்து வானொலி அறிவித்த பெயர் லதா மங்கேஷ்கர். கேட்போர் கேட்டமையால் பெயர் வெளிவந்தது. கேளாதிருந்தால் எத்தனை நாள் காமினி நிலவியிருப்பாளோ!

இன்று சட்டமும் சிறிது துணை நிற்கிறது. இங்கிலாந்தில் 2006 பிப்ரவரி முதல், பாடுவோரும் வாசிப்போரும் தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமை பெற்றனர். ஹாலவே குரல் அங்கே முதலிடத்தில் ஒலித்த 1989-இல் அத்தகைய உரிமை அங்கே இல்லை. நம் நாட்டில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 38பி என்ற பிரிவைச் சேர்த்தனர். நிகழ்த்துகலைஞர் தம் நிகழ்ச்சிக்குத் தாமே உரியவர் என்று அடையாளம் காட்டப்பெறும் உரிமையை அது வழங்குகிறது. தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி அதனைத் திரித்தால் தடுக்கும் உரிமையும் அதில் அடங்கும்.

இலண்டன் வழக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2019-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம், எந்தப் பாட்டிலிருந்தும் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியே பிரிக்கும் மென்பொருளை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. அதன் வழிவந்த கருவிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. முன்னாளில் ஆயிரம் தட்டுகளோடு பழகியவர் செய்ததை நம் வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவன் அரை மணியில் செய்கிறான். நம் சங்கத்தின் விழாக்களிலும் இப்பொழுது பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் ஒட்டுப் பாட்டுகளுக்கே. பழைய தமிழ்ப் பாட்டின் பல்லவி. அடியில் நாம் வாழும் இவ்வூரின் மேளம். நடுவே இந்திப் பாட்டு ஒன்றின் துண்டு. பெரியவர் சிலர் 'கொலை' என்கின்றனர். நாம் அங்ஙனம் கருதவில்லை. வீட்டில் தமிழும், தெருவில் பிறமொழியும், பள்ளியில் மற்றொன்றுமாக வளரும் பிள்ளைகள் தம் வாழ்க்கையைப் போலவே தம் பாட்டையும் ஒட்டுகின்றனர். ஒட்டு மாங்கன்றில் காய்க்கும் கனியைப் புளிப்பென்று உண்ணாமலேயே தள்ளுவது முறையன்று.

ஆயின் ஒன்று கேட்போம். சென்ற விழாவில் அவ்வாறு ஆடிய பிள்ளைகளிடம், 'அம்மா, இப் பல்லவி பாடியவர் யார்?' என்று வினவினோம். 'ரீமிக்ஸ், அங்கிள்' என்பதே விடை. பாடியவர் மறைந்தார், இசையமைத்தவர் மறைந்தார், எழுதியவர் மறைந்தார், 'ரீமிக்ஸ்' என்ற வெள்ளைக் காகிதம் ஒன்றே எஞ்சியது.

பிற மாநிலத்தில் வாழும் நமக்குப் பெயரின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பதிவேடுகளில் தந்தை பெயர் நம் பெயராகவும், ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகவும் மாறிக் கிடப்பதைத் திருத்தக் கால் தேய நடந்தவர்கள் நாம். மாநிலம், மொழி, ஊர் யாதாயினும் 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் நம்மை எல்லாம் கட்டிவைத்ததைக் கேட்டு நெஞ்சு புழுங்கியவர் நம் தந்தையர். நம் உழைப்பு வேண்டும், நம் பெயர் வேண்டா என்ற நிலை எத்துணைக் கசப்பு என்பதை அறிந்த நாமே, நம்மை மகிழ்விக்கும் ஒரு குரலுக்கு அதனைச் செய்யலாமா?

ஆதலின் வருகின்ற பொங்கல் விழாவுக்கு நம் சிறு விண்ணப்பம் இது. ஒட்டுப் பாட்டுக்குத் தடை வேண்டா. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சீட்டு எழுதி அறிவிப்பாளரிடம் கொடுக்கட்டும். அதில் பாடியவர், இசையமைத்தவர், பாட்டு எழுதியவர் ஆகியோர் பெயர்கள் இருக்கட்டும். இரண்டு பாட்டுகளை ஒட்டியிருந்தால் இரண்டுக்கும் இருக்கட்டும். கடைசியாக, ஒட்டிய பிள்ளையின் பெயரும் தவறாமல் இருக்கட்டும். அவன் செவியும் உழைப்பும் பாராட்டுக்கு உரியனவே. இப்பெயர்களைத் தேட வேண்டிய வேலையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு மாலை கூடி அமர்வர். தாத்தா பாட்டிமார் உள்ள வீட்டில் அவ்வேலை விரைவில் முடியும். ஏனெனில் பல பெயர்கள் அவர்கள் நாவின் நுனியிலேயே இருக்கின்றன, கேட்பார்தாம் இல்லை.

மேடையேறும் ஒவ்வொரு பாட்டுக்கும் அறிவிப்பாளர் இச்சீட்டைப் படிக்க அரை நிமிடம் போதும். விழாக் குழுவினர் அந்த அரை நிமிடத்தை நிகழ்ச்சி நிரலில் ஒதுக்கித் தருவார்களாக.